மேல் வீட்டு இணைப்பு

சித்ரலேகா வேணுவன நகருக்குக் குடிவந்து இரண்டு மாதம் கழித்து, ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில்தான் முதல் செய்தி வந்தது. வண்ணார்பேட்டையில் அவள் வேலை பார்க்கும் காது மருத்துவமனைக்குத் தொப்பலாக நனைந்து போய்ச் சேர்ந்திருந்தாள். துப்பட்டாவைப் பிழிந்துகொண்டிருந்தபோது பைக்குள் போன் ஒருமுறை அதிர்ந்தது. தெரியாத எண்.

‘குடையை மறந்துட்டுப் போயிட்டியே.’

வீட்டுக்காரர் மனைவி உலகம்மாள்தான் யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்க வேண்டும் என்று நினைத்தாள். சாயங்காலம் மாடிப்படி ஏறுமுன் கீழ் வீட்டு வாசலில் நின்று கேட்டாள்.

“அத்தை, காலைல குடை விஷயமா நீங்களா செய்தி அனுப்பினிய?”

“நானா? யாருக்காவது பேசணும்னாலே அவியதான் நம்பர் போட்டுக் குடுக்கணும்” என்றாள் உலகம்மாள். “ஏன், நனைஞ்சிட்டியோ? மொதல்ல தலையத் துவட்டு.”

சித்ரலேகா அதை அத்தோடு மறந்துவிட்டாள். அடுத்த வாரம் இரண்டாவது செய்தி வந்தது. ‘நேத்து ஆட்டோல வந்திருக்க. எப்பவும் பஸ்தானே. உடம்புக்கு என்ன?’

எண் வேறாக இருந்தது. ஆனால் அந்தக் கேள்வியைக் கண்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. இப்படிக் கேட்கிறவன் உலகத்தில் ஒருவன்தான். அவளுடைய புருஷன் சிவசங்கரன்.

சிவசங்கரன் அவளை ஒருநாளும் அடித்ததில்லை. அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அவள் அண்ணனுக்கு அதைத்தான் விளங்கவைக்க முடியவில்லை. “குடிக்கானா, இல்ல. கை நீட்டுதானா, இல்ல. பின்ன என்னட்டி உனக்கு?” என்று அண்ணன் கேட்டார். சிவசங்கரன் கேள்விதான் கேட்பான். கோயம்புத்தூரில் பம்பு கம்பெனி ஒன்றில் கணக்கு மேலாளர். சாயங்காலம் காப்பித் தம்ளரோடு எதிரே உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், எந்த நிறுத்தத்தில் ஏறினாய், பக்கத்தில் யார் உட்கார்ந்தது, மருந்துக்கடைக்குள் அவ்வளவு நேரம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். பதிலை மனதில் வைத்திருந்து பத்து நாள் கழித்து மறுபடி கேட்பான். “அன்னைக்கு வேற மாதிரில்லா சொன்ன” என்பான். ஒருநாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, அன்று சாயங்காலம் சொல்லவேண்டிய பதில்களைத் தான் முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருப்பதைச் சித்ரலேகாவே கவனித்தாள். மறுநாள் ரயிலேறிவிட்டாள்.

திருநெல்வேலியில் வேலை கிடைத்ததும் வீடு பார்த்தாள். தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடு கொடுக்க நாலு பேர் யோசித்தார்கள். திருஞானசம்பந்தம் யோசிக்கவில்லை. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், வேணுவன நகர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். “நம்ம புள்ள மாதிரி இருந்துக்கோம்மா. மாமான்னே கூப்பிடு” என்று சாவியைக் கொடுத்தார். மாமாவும் அத்தையும் கீழே, அவள் மேலே.

வேணுவன நகர் பாளையங்கால்வாயை ஒட்டிய இடம். வயலாக இருந்து மனையானது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் இருவரிடம் அடுத்தடுத்து சங்கிலி பறித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் திருஞானசம்பந்தம் வீடு வீடாக நடந்து பணம் சேர்த்து, ஒவ்வொரு முக்கிலும் கம்பம் நட்டு கேமரா வைத்தார். எந்த வீட்டுக்காரரும் தன் போனில் தெரு முழுவதையும் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்கு ஓர் இணைப்பு. அவள் குடிவந்த அன்றே, “போனைக் கொண்டாம்மா, உனக்கும் போட்டுத் தாரேன்” என்றார். அவள் வேண்டாம் என்று சிரித்தாள். அடுத்தவர்கள் போவதையும் வருவதையும் பார்த்து என்ன செய்ய என்றிருந்தது.

மாடிப்படியில் அவர் தன் சொந்தச் செலவில் ஒன்று வைத்திருந்தார். தேங்காய் மூடி அளவில் வெள்ளையாக, உருண்டையாக இருக்கும். ஆள் நடமாடினால் தலையைத் திருப்பிப் பார்க்கும். பேசவும் செய்யும். மூட்டுவலியில் கட்டிலில் படுத்துக்கொண்டே அவர் போனில் சொல்வது படிக்கட்டில் கேட்கும். “பால்காரரே, இன்னைக்கு ரெண்டு பாக்கெட் போடும்.” பால்காரரும் உருண்டையை நிமிர்ந்து பார்த்து, “சரி அண்ணாச்சி” என்பார்.

அந்தத் தெருவில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. “நேத்து லேட்டு போல” என்பாள் ஒருத்தி. “கூரியர்காரன் வந்து திரும்பிட்டாம்மா” என்பார் ஒருவர். முதலில் அது அக்கறையாகத்தான் பட்டது. இரண்டாவது செய்திக்குப் பிறகு அப்படிப் படவில்லை. கோயம்புத்தூரில் சிவசங்கரனோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் விசாரித்தாள். அவன் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை, தினமும் அலுவலகம் வருகிறான் என்றாள் அவள். அப்படியானால் இங்கே யாரோ அவனுக்குச் சொல்கிறார்கள். தினமும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களில் ஒருவர்.

செய்திகள் வந்துகொண்டே இருந்தன. மிரட்டல் ஒன்றுகூட இல்லை. ‘பச்சைப் பையை ஏன் மாத்திட்ட?’ ‘பூக்காரிகிட்ட அவ்வளவு நேரம் என்ன பேச்சு?’ ‘வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகலையா?’ எண்ணைத் தடுத்தால் வேறு எண்ணிலிருந்து வரும். அவள் பதில் எழுதவில்லை. ஆனால் தெருமுனையில் திரும்பும்போதே மனம் பதில்களைத் தயார் செய்யத் தொடங்கிவிட்டது. பை பிஞ்சு போச்சு. பூக்காரிக்குக் காது அடைச்சிருக்கு, அதைத்தான் கேட்டா. வெள்ளிக்கிழமை தலைவலி. குழாய்ச் சத்தம்கூட இல்லாமல், நடுத்தெருவில் அவள் உதடு அசைந்தது.

ஒருநாள் சோதித்துப் பார்க்கத் துணிந்தாள். பேருந்திலிருந்து இறங்கி, நகருக்குள் நுழையும் இடத்தில் இடது கையில் வெள்ளைத் துணியைக் காயத்துக்குக் கட்டுவது போலச் சுற்றிக்கொண்டாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் அவிழ்த்தாள். சாம்பாருக்குப் பருப்பு வேகுமுன்னே செய்தி வந்துவிட்டது.

‘கையில என்ன?’

மருத்துவமனையில் யாரும் இல்லை, பேருந்தில் யாரும் இல்லை என்று அவளுக்கு உறுதியாயிற்று. இந்தத் தெருவுக்குள்தான். அன்று எதிர்ப்பட்டவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். இஸ்திரி வண்டிக்காரர். பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள். எதிர்வீட்டு ரைஹானத், வாசலில் மாமனாருக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள், கையை ஆட்டினாள்.

ரைஹானத் மேலப்பாளையத்திலிருந்து இங்கே வந்து வீடு கட்டியவள். புருஷன் துபாயில். அந்தத் தெருவில் சித்ரலேகா ஒரு வாய் காப்பி குடிக்கப் போகிற ஒரே வீடு அவளுடையது. அன்று முதல் சித்ரலேகா போகவில்லை. அழைத்தால் வேலை இருக்கிறது என்றாள்.

ரைஹானத் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டில் ஏதோ மூடி எடுத்துக்கொண்டு படியேறி வந்தாள்.

“என்ன புள்ள, என் மேல கோவமா? தெருவுல பாத்தா தலையக் குனிஞ்சிட்டுப் போற.”

சித்ரலேகாவால் அடக்க முடியவில்லை. போனை எடுத்து எல்லாச் செய்திகளையும் காட்டினாள். ரைஹானத் ஒவ்வொன்றாகப் படித்தாள். முகம் மாறியது.

“இதுல எம்மேல சந்தேகமா?”

“எல்லார் மேலயும்தான் அக்கா.”

ரைஹானத் போனைத் திருப்பிக் கொடுத்தாள். “நான் தெருவப் பாக்கது உண்மைதான்” என்றாள் பிறகு. “போனைக் கையில வச்சிக்கிட்டேதான் சமைக்கேன். அது எங்க மாமனாருக்காக, அவுகளுக்கு ஞாபகமே நிக்காது. போன வருசம் பாபநாசத்துல அணை தொறந்து கால்வாய்ல தண்ணி பொங்கிப் போவுது. நான் துணி அலசிட்டு இருக்கேன், இவுக பைய வாசலத் தாண்டிப் போயிட்டாக. கேமராவுலதான் கால்வாய்ப் படில எறங்குதது தெரிஞ்சுது. நான் ஓடிப் போய்ப் பிடிக்கும்போது இடுப்பு வரைக்கும் தண்ணிக்குள்ள. அது இல்லாட்டா மய்யித்தத்தான் தூக்கியிருக்கணும். ஆனா ஒன்னப் பத்தி நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. அல்லாஹ் மேல ஆணை.”

அவள் சொன்னதைச் சித்ரலேகா நம்பினாள். நம்பியதும் பயம் கூடத்தான் செய்தது. ரைஹானத் இல்லையென்றால் வேறு யார்?

வேலை செய்யும் இடத்தில் சத்தம் புகாத சிறிய அறை ஒன்று உண்டு. நோயாளியை அதற்குள் உட்காரவைத்துக் ஹெட்போன் மாட்டி, சின்னச் சின்ன ஒலிகளை அனுப்புவாள். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். எந்த ஒலி யாருக்குக் கேட்கிறது, எது கேட்கவில்லை என்று பார்த்துப் பார்த்துப் பல வருஷமாகிவிட்டது அவளுக்கு. இப்போது மதியச் சோற்றை அந்த அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள். உள்ளே அவளுடைய மூச்சும், சோறு மெல்லும் சத்தமும் மட்டும் இருக்கும். அந்த ஒரு அரைமணி நேரம்தான் உதடு அசையாமல் இருந்தது.

கார்த்திகையில் ஒரு மதியம் காய்ச்சலென்று சீக்கிரமே வீடு திரும்பினாள். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. தெருவில் ஆளில்லை. மாமாவும் அத்தையும் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு சடங்குக்குப் போயிருந்தார்கள், கீழ் வீடு பூட்டிக் கிடந்தது. படியில் கால் வைத்ததும் வழக்கம்போல மேலே உருண்டை மெல்ல அவள் பக்கம் திரும்பியது. அதற்குப் பழகியிருந்தாள். இரண்டு படி ஏறி, தலை சுற்றுகிற மாதிரி இருக்கவே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உருண்டையும் நின்றது.

பிறகு அது தொண்டையைச் செருமியது.

சித்ரலேகா அசையவில்லை. செருமல் என்றால் சின்னச் செருமல். இரண்டாகப் பிரிந்து வரும், முதலில் குறுகியது, பின்னால் நீண்டது. கேள்வி கேட்கத் தொடங்குமுன் சிவசங்கரன் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் செருமுவது அப்படித்தான். ஆறு வருஷம் அந்தச் சத்தத்துக்குப் பிறகு என்ன வரும் என்று காத்திருந்தவள். ஆயிரம் பேர் செருமினாலும் அவளால் அதைப் பிரித்துச் சொல்ல முடியும்.

நிமிர்ந்து பார்த்தாள். கறுப்புக் கண்ணாடிக்குள் அவளுடைய உருவம் கடுகளவில் தெரிந்தது. யாரும் பேசவில்லை. ஆனால் அந்தப் பக்கம் திறந்திருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. மின்விசிறி ஒன்று சுற்றும் சத்தம், தூரத்தில் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம், அதற்கு மேலே ஒரு மூச்சு. கோயம்புத்தூரில் ஓர் அலுவலக அறை அவள் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

“சங்கரா” என்றாள். எப்போதும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

மூச்சு நின்றது. உருண்டை சட்டென்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அவள் மேலே போகவில்லை. எதிர்வீட்டுக்குப் போய் ரைஹானத்தின் சமையலறையில், மாமாவும் அத்தையும் திரும்பி வரும்வரை உட்கார்ந்திருந்தாள்.

திருஞானசம்பந்தம் மறைக்கவே இல்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, கொஞ்சம் ஆச்சரியத்தோடு சொன்னார்.

“ஆமாம்மா, நான்தான் குடுத்தேன். நீ வந்த மறுமாசமே மாப்பிள்ளை போன் போட்டாரு. ஒங்க அண்ணன்தான் நம்பர் குடுத்தாராம். அவ்வளவு மரியாதையா பேசினாரு. ஏதோ மனஸ்தாபம், கோவிச்சிட்டு வந்துட்டா, தனியா இருக்கா, எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல மாமா, அவ பத்திரமா வீடு வந்து சேந்துட்டான்னு தெரிஞ்சாப் போதும்னாரு. மேல் வீட்டு இணைப்பு சும்மாதான கெடக்கு. அதப் போட்டுக் குடுத்தேன். படிக்கட்டையும் சேத்து. வாரா வாரம் போன் போட்டு ஒன்னப் பத்தி விசாரிப்பாரு. புருசன்தானம்மா.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா மாமா?”

உள்ளே சேலை மாற்றிக்கொண்டிருந்த உலகம்மாள்தான் பதில் சொன்னாள்.

“நான் அன்னைக்கே கேட்டேன், அந்தப் புள்ளைட்ட ஒரு வார்த்தை கேட்டியளான்னு. ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டாவ.”

தனக்கென்று இருந்த இணைப்பு. தான் வேண்டாமென்று சிரித்துத் தள்ளிய இணைப்பு. அதன் வழியாகத்தான் அவன் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தான். தெருவில் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் சந்தேகப்பட்ட முகங்களெல்லாம் வெறும் முகங்கள்தான். சித்ரலேகாவுக்கு அழுகை வந்தது. அதைப் பார்த்ததும் திருஞானசம்பந்தம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக் கார் கொட்டகையில் சங்கக் கூட்டம் நடந்தது. செயலாளரே எழுந்து நடந்ததைச் சொன்னார். கேமராவெல்லாம் வேண்டாம், கழற்றிப் போடலாம் என்றார்கள் சிலர். சங்கிலி பறிகொடுத்த வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. பின்வரிசையில் ஒருவர், “தப்புப் பண்ணாதவங்களுக்கு என்ன பயம்?” என்றார்.

“தப்புப் பண்ணாதவதான் இவ” என்றாள் ரைஹானத். “பயந்து போய்த்தான இருக்கா?”

ஆனால் கேமராவைக் கழற்றுங்கள் என்று ரைஹானத்தால் சொல்ல முடியவில்லை. அவளருகே பிளாஸ்டிக் நாற்காலியில் மாமனார் உட்கார்ந்து, கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். எல்லாரும் சித்ரலேகாவைப் பார்த்தார்கள்.

“கம்பத்துல உள்ளது இருக்கட்டும்” என்றாள் அவள். “ஆனா யார் யார் பாக்காவன்னு பாக்கப்படுதவங்களுக்குத் தெரியணும். வீட்டு ஆளக் கேக்காம யாருக்கும் குடுக்கக் கூடாது. படிக்கட்டுல உள்ளது மட்டும் வேண்டாம்.”

அன்றே உருண்டையைக் கழற்றினார்கள். மேல் வீட்டு இணைப்பைத் துண்டித்தார்கள். செய்திகளும் நின்றன.

அவன் கோபமாக எழுதுவான் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. தெருமுனையில் திரும்பும்போது பழக்கதோஷத்தில் பதில்கள் ஊறின. கேள்விதான் இல்லை. போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். தன்னை இப்போது யாரும் பார்க்கவில்லை என்பதை அவளால் நம்ப முடியவில்லை. பார்க்கிறார்களா இல்லையா என்று எப்படித் தெரியும்? முன்பும் தெரியவில்லையே.

மார்கழி பிறந்து சில நாள் ஆகியிருக்கும். சனிக்கிழமை முற்பகல், துவைத்த துணியை உலர்த்திவிட்டு வந்து கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் யாரோ தட்டினார்கள். சிலிண்டர்காரன் வருவதாகச் சொல்லியிருந்தான். தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டு, “யாரு?” என்றாள்.

வெளியே தொண்டை செருமும் சத்தம் கேட்டது.

“கதவத் தொறக்க வேண்டாம்” என்றான் சிவசங்கரன். “நான் ஒண்ணும் செய்ய வரல. இங்கன படில உக்காந்துக்கிடுதேன்.”

உட்காருகிற சத்தம் கேட்டது. அவள் தாழ்ப்பாளைப் பிடித்தபடியே நின்றாள். குரல் கதவின் கீழ்ப்பகுதியிலிருந்து, அமைதியாக, ஒரே அளவில் வந்தது.

“எல்லாருமாச் சேந்து என்னக் குருடாக்கிட்டிய. நான் என்ன கேட்டேன்? பக்கத்துல வரணும்னு கேட்டேனா? தொட்டேனா? காலைல நீ போறதப் பாப்பேன், சாயங்காலம் வாறதப் பாப்பேன். நடுவுல ஆளில்லாத தெருவையும் பாத்துக்கிட்டு இருப்பேன். அது போதும்னு இருந்தேன். முக்குல நின்னு வானத்த ஒருதரம் பாத்துட்டுத்தான் நீ நடப்ப. அது எனக்குத் தெரியவே தெரியாது. பூக்காரிகிட்ட பேசிக்கிட்டே ஒருநா சிரிச்ச. வாயப் பொத்திக்கிட்டு, குனிஞ்சு சிரிச்ச. அத நான் எத்தன தடவ திருப்பிப் போட்டுப் பாத்திருப்பேன் தெரியுமா? நம்ம வீட்டுல நீ அப்படிச் சிரிச்சதே இல்ல. எதுக்குச் சித்ரா சிரிச்ச? அவ என்ன சொன்னா?”

அவள் நாக்கு நுனிவரை பதில் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“பதில் சொல்ல வேண்டாம். நான் இங்கனயே இருக்கேன். நீ எப்ப வேணும்னாலும் வெளிய வரலாம்.”

அவள் பின்னாலேயே நகர்ந்து போய், மேஜைமேல் இருந்த போனை எடுத்தாள். ரைஹானத்தை அழைத்தாள். பேசுவதற்கு முன்னாலேயே ரைஹானத் சொன்னாள்.

“பாத்துட்டேன் புள்ள. கேட்டத் தொறந்து யாரோ ஒரு ஆளு உள்ள வந்தான், இன்னும் வெளிய வரல. கதவத் தொறந்திராத. நான் உங்க வீட்டு மாமாவக் கூட்டிட்டு வாரேன்.”

திருஞானசம்பந்தம் படியேற நேரமெடுத்தது. ஒவ்வொரு படியிலும் அவர் நின்று மூச்சு வாங்குவது கதவுக்கு உள்ளே கேட்டது. பிறகு அவர் குரல்.

“மாப்பிள்ளை, எந்திங்க.”

“நீங்கதான மாமா பாத்துக்கோன்னு குடுத்திய.”

“குடுத்தது நான்தான். அதனாலதான் நானே ஏறி வந்திருக்கேன். எந்திங்க.”

பிறகு உடை சரசரத்தது. கீழே இறங்கும் காலடி, இரும்புக் கேட்டின் கிறீச்சு. அதற்குப் பிறகும் சித்ரலேகா கதவைத் திறக்கவில்லை. ரைஹானத் வந்து, “நான்தான், போயிட்டான், தெருவத் தாண்டிட்டான், பாத்துக்கிட்டேதான் நிக்கேன்” என்று மூன்று முறை சொன்ன பிறகுதான் தாழ்ப்பாள் நகர்ந்தது.

மகளிர் காவல் நிலையத்தில் யூனிஸ் என்ற உதவி ஆய்வாளர் புகாரை வாங்கிக்கொண்டார். செய்திகளைப் படித்தார், தெருக் கேமராவில் பதிவானதைப் போட்டுப் பார்த்தார். ஒரு மனிதன் கேட்டைத் திறந்து உள்ளே போகிறான். முகம் தெளிவாக இருக்கிறது. வெகுநேரம் கழித்து வெளியே வருகிறான். இடையில் நடந்தது எதிலும் இல்லை.

“வந்தான், போனான். அது இதுல இருக்கு, ரொம்ப உதவும்” என்றார் யூனிஸ். “ஆனா கதவுகிட்ட என்ன பேசினான்கிறதுக்கு நீங்க சொல்றதுதான் சாட்சி. படிக்கட்டுலயும் ஒண்ணு இருந்திருந்தா முழுசாக் கெடச்சிருக்கும்மா.”

“படிக்கட்டுல ஒண்ணு இருந்ததாலதான் மேடம் அவன் வந்தான்.”

யூனிஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். அதையும் எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் திருஞானசம்பந்தம் அவளைக் கூப்பிட்டார். கொஞ்ச நாளில் வயது கூடிப்போனவர் மாதிரி இருந்தார். பழைய உருண்டையை மறுபடி மாட்டிவிடட்டுமா என்று கேட்டார். இந்தத் தடவை அவள் போனில் மட்டும்தான் தெரியும், தன்னால்கூடப் பார்க்க முடியாது என்றார். நியாயமான யோசனைதான். சரியென்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அந்த வெள்ளை உருண்டை தலையைத் திருப்புவதை நினைத்தாள். அந்தப் பக்கம் தானே உட்கார்ந்துகொண்டு, ஆளில்லாத படிக்கட்டை அலுவலகத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதையும் நினைத்தாள்.

“வேண்டாம் மாமா. கீழ்ப்படில ஒரு இரும்புக் கதவு போட்டுக் குடுங்க. பூட்டிக்கிடுதேன். ஒரு சாவி எனக்கு, இன்னொண்ணு அத்தைகிட்ட இருக்கட்டும்.”

தைக்குள் கதவு போட்டுவிட்டார்கள். அதற்குக் கேள்வி கேட்க வாய் இல்லை, பார்க்கக் கண் இல்லை. மழையில் துருப்பிடிக்காமல் வர்ணம் அடித்துக்கொண்டால் போதும்.

பாதுகாப்பு உத்தரவுக்கான வழக்கு மாசியில் நீதிமன்றத்துக்கு வந்தது. ரைஹானத் துணைக்கு வந்தாள், மாமனாரை உலகம்மாளிடம் விட்டுவிட்டு. கூட்டம் நிறைந்த வராந்தாவில் வேப்பமரத்து நிழல் விழுந்த ஒரு பெஞ்சில் சிவசங்கரன் உட்கார்ந்திருந்தான். கதவுக்கு அப்பால் குரலாகவும், போனில் எழுத்தாகவும் இருந்தவனை அவள் ஆளாகப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. இஸ்திரி போட்ட சட்டை, மெலிந்த தோள். நினைவில் இருந்ததைவிடச் சின்ன ஆளாக இருந்தான். சித்ரலேகா அவனுக்கு நேர் எதிரே வந்து நின்றாள். தன் கால்களே தன்னை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது போலிருந்தது.

அவன் தலையைத் தூக்கவில்லை.

அழைத்தபோது உள்ளே போனார்கள். ஒருவருக்கொருவர் கை எட்டும் தூரத்தில் நின்றார்கள். நீதிபதி கேட்ட கேள்விகளுக்கு அவன் மெதுவாக, மரியாதையாகப் பதில் சொன்னான். பார்வை தரையில் இருந்தது, இல்லையென்றால் தன் கைவிரல்களில். அவள் பேசும்போது ஒருமுறை அவன் முகம் லேசாகத் திரும்பியது. அவளைப் பார்க்கப்போகிறான் என்று நினைத்தாள். அவன் கண் அவளைத் தாண்டி, சுவரின் மேல் மூலையில் போய் நின்றது. அங்கே நீதிமன்றத்தின் கேமரா ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான், அவள் அதற்குள் இருக்கிற மாதிரி.

அவள் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ அவன் வரக்கூடாது, எந்த வழியிலும் தொடர்புகொள்ளக் கூடாது என்று உத்தரவானது. வெளியே வந்ததும் ரைஹானத் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜில்லென்று இருந்தது.

“என்ன புள்ள, ஜெயிச்சாச்சு. இன்னும் நடுங்குற?”

“அவன் என்னப் பாக்கவே இல்ல அக்கா” என்றாள் சித்ரலேகா. “பக்கத்துல நிக்கேன். ஒருதரம்கூடப் பாக்கல. பின்ன இத்தன மாசமா யாரப் பாத்துக்கிட்டு இருந்தான்?”

ரைஹானத் அவள் கையை விடாமல் நடந்தாள். பேருந்து நிறுத்தத்தில் கூட்டமாக இருந்தது. இருவரும் போய் நின்றுகொண்டார்கள்.